நகல் எடுக்கும் முன்: கணினிப் படிமமும் மாணவர் தரவும்

திருப்பூர்ப் பகுதியில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக்கு 18 பழைய கணினிகள் நன்கொடையாகக் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக இயக்க அமைப்பை நிறுவ நேரமில்லை. எனவே ஒரு கணினியில் மட்டும் உபுண்டு, லிப்ரெஆபீஸ், பைத்தான், தமிழ்99 விசைப்பலகை ஆகியவற்றை நிறுவினேன். பிறகு அதன் வன்தட்டை க்ளோன்சில்லா என்ற கட்டற்ற மென்பொருளால் படியெடுத்து, மற்ற 17 கணினிகளிலும் இறக்கினேன். ஒரே நாளில் ஆய்வகம் தயாராகிவிட்டது. மனநிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"மிஸ், இதுல உங்க மெயில் திறந்திருக்குதுங்க."

போய்ப் பார்த்தேன். அச்சுப்பொறி வேலை செய்கிறதா என்று சோதிக்க, முதல் கணினியில் என் மின்னஞ்சலைத் திறந்து ஒரு கோப்பை அச்சிட்டிருந்தேன். வெளியேற மறந்துவிட்டேன். அந்தக் கோப்பு, கல்வி உதவித்தொகைக்கான மாணவர் பட்டியல். பெயர், சாதி, வங்கிக் கணக்கு எண், பெற்றோரின் அலைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. என் மறதியும் 18 பிரதிகளாகிவிட்டிருந்தது. பட்டியலில் அந்த மாணவியின் பெயரும் இருந்தது.

அன்று முதலில் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றினேன். அடுத்து, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்தினேன். அதன் பிறகுதான் 18 கணினிகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். இதே நிலை உங்களுக்கு வந்தால், இந்த வரிசையையே பின்பற்றுங்கள். ஒரு கணினியைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது மற்ற 17 கணினிகளும் திறந்தே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அந்த நாளில் நான் கற்ற பாடத்தை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

படிமம் என்றால் என்ன?

ஒரு கணினியின் வன்தட்டில் உள்ள அனைத்தையும் அப்படியே ஒரு கோப்பாக எடுத்து வைத்தால் அது படிமம். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்க முடியும். அதை மெய்நிகர் கணினி என்கிறோம். அதன் வன்தட்டே ஒரு கோப்புதான். ஆகவே அதை நகலெடுப்பது ஒரு புகைப்படக் கோப்பை நகலெடுப்பதைப் போல எளிது. எந்தக் கணினியிலிருந்து மற்றவை பிறக்கின்றனவோ, அதை இக்கட்டுரையில் தாய்ப் படிமம் என்று அழைப்போம்.

பெரிய எண்ணிக்கை வரும்போது படிமம் இல்லாமல் வேலை நடக்காது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்கு வந்தது நமக்கு நினைவிருக்கும். கேரளத்தில் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஓர் இயக்க அமைப்பைத் தொகுத்து அளிக்கிறது. லட்சக்கணக்கான கணினிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து நிறுவ யாராலும் இயலாது. ஒன்றைச் சரியாகச் செய்து, அதை நகலெடுக்க வேண்டும். ஒன்றில் பிழை இருந்தால் அத்தனையிலும் பிழை இருக்கும்.

இதைத் திருப்பூர் மாணவர்களுக்கு விளக்கப் பெரிய முயற்சி தேவையில்லை. பலருடைய பெற்றோர் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள். கட்டிங் மாஸ்டரின் பேட்டர்ன் அட்டையில் கால் அங்குலம் தவறினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். வெட்டிய அத்தனை துணியும் வீணாகும் என்று உடனே சொல்வார்கள். பழைய பையரின் லேபிள் புதிய பையரின் சரக்கில் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். அதற்கும் அவர்களிடம் பதில் இருக்கும்.

மூன்று வகைப் பொருள்கள்

தாய்ப் படிமத்தில் உள்ள ஒவ்வொன்றையும் மூன்றில் ஒரு வகையில் சேர்க்கலாம். பாடத்தின் மையம் இதுதான்.

முதல் வகை, எல்லா நகலிலும் ஒன்றுபோல இருக்க வேண்டியவை. இயக்க அமைப்பு, பாடத்துக்குரிய மென்பொருள்கள், யுனிகோடு தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை அமைவு, இந்திய நேரம் ஆகியவை இதில் அடங்கும். நம் வகுப்பில் ஒடியா, இந்தி பேசும் குழந்தைகள் இருந்தால் அம்மொழிகளுக்கான எழுத்துருக்களையும் இங்கேயே சேர்த்துவிடலாம்.

இரண்டாம் வகை, ஒவ்வொரு நகலிலும் வேறுபட வேண்டியவை. கணினியின் பெயர், இயந்திர அடையாள எண், வலையமைப்பு அட்டையின் மேக் முகவரி, எஸ்எஸ்ஹெச் திறவுகோல்கள், தற்போக்கு எண்களுக்கான விதை ஆகியவை. உடையில் சைஸ் லேபிளைப் போல, இவை பின்னால் தனித்தனியாகச் சேர வேண்டும். பேட்டர்னிலேயே வரைந்துவிடக் கூடாது.

மூன்றாம் வகை, எந்த நகலிலும் இருக்கவே கூடாதவை. தாய்க் கணினியைத் தயாரித்தவரின் பயனர் கணக்கு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், வைஃபை கடவுச்சொல், மின்னஞ்சல், பதிவிறக்கிய கோப்புகள், முனையத்தில் தட்டிய கட்டளைகளின் வரலாறு, பழைய பதிவுக் கோப்புகள், மாணவர் பெயரில் உருவாக்கிய கணக்குகள் ஆகியவை.

நான் செய்த தவறு, மூன்றாம் வகையை முதல் வகையாக நகலெடுத்தது. இரண்டாம் வகையில் தவறினால் வேறு விதமான தொல்லைகள் வரும்.

அடையாளமே நகலானால்...

லினக்ஸ் கணினிகளில் மெஷின்-ஐடி என்ற சிறிய கோப்பு உண்டு. 32 பதினறும எழுத்துகள் கொண்ட ஓர் எண் மட்டுமே அதில் இருக்கும். கணினி முதன்முதலாக உயிர்பெறும்போது அந்த எண் உருவாகிறது. உபுண்டு சர்வர் போன்றவை ஐபி முகவரி கேட்கும்போது இந்த எண்ணிலிருந்து பெற்ற அடையாளத்தையே அனுப்புகின்றன. இரு நகல்களிலும் அதே எண் இருந்தால், முகவரி தரும் சாதனம் இரண்டையும் ஒரே கணினி என்று எண்ணி, ஒரே முகவரியைத் தந்துவிடக்கூடும். "இணையம் வருது, போகுது" என்று மாணவர்கள் சொல்லும் புகாரின் வேர் சில நேரம் இங்கேதான் இருக்கும்.

எஸ்எஸ்ஹெச் திறவுகோல் இன்னும் முக்கியமானது. தொலைவிலிருந்து ஒரு கணினியோடு பேசும்போது, 'நாம் பேசுவது சரியான கணினியோடுதானா?' என்பதை அந்தத் திறவுகோலே உறுதி செய்கிறது. இருவர் கையில் ஒரே சாவி இருந்தால் ஒருவர் மற்றவராக நடிக்க முடியும். அமெரிக்காவின் டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்தின் படிமங்களிலிருந்து உருவான பல சர்வர்கள் ஒரே திறவுகோலைக் கொண்டிருந்தது 2013இல் தெரியவந்தது. நிறுவனமே அதை வெளிப்படையாக அறிவித்துச் சரிசெய்தது. இத்துறையையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் இப்பிழை நேர்கிறது.

விண்டோஸில் ஒவ்வொரு கணினிக்கும் பாதுகாப்பு அடையாள எண் ஒன்று உண்டு. நகல்களில் இது ஒன்றாக இருந்தால் பெரிய சிக்கல் இல்லை என்று மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் 2009இல் விளக்கினார். அந்த எண்ணை மாற்றுவதற்குத் தாம் எழுதிய சிறு மென்பொருளையும் விலக்கிக்கொண்டார். நிலைமை இப்போது மாறிவிட்டது. 2025 ஆகஸ்ட் இறுதி முதல் வந்த இற்றைப்படுத்தல்களுக்குப் பின், விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகள் ஒரே எண் கொண்ட கணினிகளுக்கு இடையிலான உள்நுழைவை மறுக்கின்றன. பகிர்ந்த கோப்புறை திடீரெனத் திறக்காமல் போனால், ஆய்வகக் கணினிகள் முறையாகத் தயாரிக்கப்படாத நகல்களா என்று பார்க்க வேண்டும்.

கருவிகள் செய்வதும் செய்யாததும்

விண்டோஸிலேயே சிஸ்பிரெப் என்ற கருவி உள்ளது. அதில் 'ஜெனரலைஸ்' என்ற தெரிவைக் குறியிட்டு, 'ஷட்டவுன்' என்பதைத் தேர்ந்தெடுத்து இயக்கினால், அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்கள் நீங்கிக் கணினி அணைந்துவிடும். அந்த நிலையில் படியெடுக்க வேண்டும். ஒவ்வொரு நகலும் முதன்முறை இயங்கும்போது புதிய அடையாளம் பெறும்.

லினக்ஸ் மெய்நிகர் கணினிகளுக்கு விர்ட்-சிஸ்பிரெப் என்ற கட்டற்ற கருவி உண்டு. அணைந்திருக்கும் மெய்நிகர் கணினியின் வன்தட்டுக் கோப்பைத் திறந்து, மெஷின்-ஐடி, எஸ்எஸ்ஹெச் திறவுகோல்கள், கட்டளை வரலாறு, பதிவுக் கோப்புகள் முதலியவற்றை நீக்கும். இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் இதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. வன்தட்டின் தரவு சிதைந்துவிடும். மூலக் கோப்பையே இது மாற்றும் என்பதால், ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

இனி வருவதை ஆசிரியர்கள் கவனமாக மனத்தில் கொள்ள வேண்டும். இந்த இரண்டு கருவிகளும் நாமாகச் சொல்லாவிட்டால் பயனர் கணக்குகளை நீக்குவதில்லை. சிஸ்பிரெப் கணினியின் அடையாளத்தை நீக்குகிறது. அதில் ஏற்கெனவே உருவாக்கிய கணக்குகளும் அவற்றின் கோப்புறைகளும் அப்படியே இருக்கும். விர்ட்-சிஸ்பிரெப்பில் கணக்குகளை நீக்கும் செயல் இருந்தாலும், இயல்பாக அது அணைக்கப்பட்டே இருக்கும். எந்தக் கணக்கு நீங்க வேண்டும், எது இருக்க வேண்டும் என்று நாம்தான் குறிப்பிட வேண்டும். கருவியை இயக்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில் இருந்துவிட்டால், மூன்றாம் வகை முழுவதும் நகலில் தங்கிவிடும்.

இதைவிட நல்ல வழி, நீக்க வேண்டியதை உருவாக்காமலே இருப்பது. விண்டோஸை நிறுவி முடித்ததும் நாடு, விசைப்பலகை ஆகியவற்றைக் கேட்கும் முதல் திரை வரும். அங்கே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால், புதிய கணக்கு எதுவும் உருவாக்காமலேயே மென்பொருள்களை நிறுவும் தணிக்கை நிலைக்குச் செல்லலாம். உபுண்டுவின் 22.04 வரையிலான பதிப்புகளில் ஓஇஎம் நிறுவல் முறை இதே பணியைச் செய்கிறது. எந்த முறையானாலும் ஒரு விதி உண்டு: தாய்க் கணினியில் நம் சொந்த மின்னஞ்சலையோ எமிஸ் கணக்கையோ திறக்கவே கூடாது. அச்சுப்பொறியைச் சோதிக்க ஒரு வெற்றுப் பக்கம் போதும்.

அழித்தது அழிந்ததா?

ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயர்தான் பட்டியலிலிருந்து நீங்குகிறது. உள்ளே இருந்த தரவு, அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை வன்தட்டில் கிடக்கும். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமேசான் மேகக் கணினிச் சேவையில் பொதுமக்கள் பகிர்ந்த 5000க்கும் மேற்பட்ட படிமங்களை ஐரோப்பிய ஆய்வாளர்கள் சோதித்தனர். பலவற்றில் உரிமையாளர் மறந்துவிட்ட திறவுகோல்களும் கடவுச்சொற்களும் கிடைத்தன. அழித்துவிட்டதாக நினைத்த கோப்புகளையும் அவர்களால் மீட்க முடிந்தது.

ஆகவே, மாணவர் தரவு ஒருமுறை ஏறிவிட்ட கணினியைத் தாய்ப் படிமமாகப் பயன்படுத்த வேண்டாம். புதிதாக நிறுவிய ஒன்றிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு.

வகுப்பறைச் செயல்பாடு

மேல்நிலை முதலாமாண்டு மாணவர்களுக்கு இரண்டு பாடவேளைகளில் இதைச் செய்யலாம். விர்ச்சுவல்பாக்ஸ், உபுண்டு சர்வர் ஆகியவை போதும்.

1. ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்குங்கள். பராமரிப்புக்கு ஒரு கணக்கு, கற்பனை மாணவருக்கு ஒரு கணக்கு என இரண்டு போதும். மாணவர் கணக்கில் பழங்களின் பெயரும் விலையும் கொண்ட ஒரு கோப்பை வையுங்கள். உண்மையான மாணவர் விவரம் எதையும் பயன்படுத்த வேண்டாம்.

2. கணினியை அணைத்துவிட்டு, எதையும் நீக்காமல் இரண்டு நகல்கள் எடுங்கள். மேக் முகவரிகளைப் புதிதாக உருவாக்கும் தெரிவை நகலெடுக்கும்போதே குறியிடுங்கள். இரண்டையும் 'நாட் நெட்வொர்க்' என்ற ஒரே வலையமைப்பில் இணையுங்கள். இயல்பாக இருக்கும் 'நாட்' நிலையில் எல்லா மெய்நிகர் கணினிகளும் 10.0.2.15 என்றே காட்டும். அதைப் பார்த்து முகவரி மோதல் என்று தவறாக முடிவு செய்துவிடக் கூடாது.

3. இரு நகல்களிலும் கணினிப் பெயர், மெஷின்-ஐடி, ஐபி முகவரி, எஸ்எஸ்ஹெச் திறவுகோலின் கைரேகை, பயனர் பட்டியல் ஆகிய ஐந்தையும் மாணவர்கள் அட்டவணையில் எழுதட்டும். பெரும்பாலும் ஐந்தும் ஒன்றாகவே இருக்கும்.

4. தாய்க் கணினிக்குத் திரும்புங்கள். மாணவர் கணக்கை அதன் கோப்புறையோடு நீக்குங்கள். மெஷின்-ஐடி கோப்பை அழிக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்குங்கள். எஸ்எஸ்ஹெச் திறவுகோல்கள், பதிவுக் கோப்புகள், கட்டளை வரலாறு ஆகியவற்றை நீக்குங்கள். பராமரிப்புக் கணக்கின் கடவுச்சொல் அடுத்த உள்நுழைவிலேயே மாற வேண்டும் என்று அமையுங்கள். கணினியை அணையுங்கள். நகலெடுக்கும் வரை அதை மீண்டும் இயக்க வேண்டாம். இயக்கினால் புதிய அடையாளம் அதிலேயே பிறந்துவிடும்.

5. மீண்டும் இரண்டு நகல்கள் எடுத்து, அதே அட்டவணையை நிரப்பச் சொல்லுங்கள். கணினிப் பெயரை ஒவ்வொன்றிலும் நாமே மாற்ற வேண்டும். எஸ்எஸ்ஹெச் திறவுகோல் உபுண்டுவில் தானாக மீண்டும் உருவாகாது. ஒரு கட்டளை கொடுத்து உருவாக்க வேண்டும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால், இணைப்பு ஏன் கிடைக்கவில்லை என்று மாணவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

மதிப்பீட்டுக்கு இரண்டு கேள்விகள் போதும். வைஃபை கடவுச்சொல் மூன்று வகைகளில் எதில் சேரும், ஏன்? தாய்க் கணினியைச் சுத்தம் செய்தபின் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டு நகலெடுத்தால் என்ன ஆகும்?

ஓர் எச்சரிக்கை. உயர் தொழில்நுட்ப ஆய்வகம் போன்று பராமரிப்புப் பொறுப்பு வேறொருவரிடம் உள்ள இடங்களில், கணினி அமைவுகளை நாமாக மாற்றக் கூடாது. இச்செயல்பாட்டை மெய்நிகர் கணினிக்குள் மட்டுமே செய்ய வேண்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு

மெய்நிகர் கணினி நமக்கு எதற்கு என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நினைக்கலாம். வகுப்பறைத் திறன்பலகையிலும் கைக்கணினியிலும் பொதுவான மடிக்கணினியிலும் இதே மூன்று வகைகள் உள்ளன. பணிமாறுதலில் செல்லும்போது, பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, ஆண்டு முடியும்போது மூன்றாம் வகையை நீக்கிவிட்டோமா என்று பார்த்தால் போதும். நம் கணக்கிலிருந்து வெளியேறுவதும், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை நீக்குவதும், பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்து பார்ப்பதும் ஐந்து நிமிட வேலை.

எங்கள் பகுதியில் இது இன்னும் அவசியம். வேலை தேடி வரும் குடும்பங்களின் குழந்தைகள் ஆண்டின் நடுவில் சேர்கிறார்கள். ஆண்டின் நடுவிலேயே வேறு ஊருக்கும் போகிறார்கள். குழந்தை போய்விடும். அதன் பெயரும் ஆதார் நகலும் நம் கணினியில் தங்கிவிடும். அந்தக் குடும்பம் திரும்பி வந்து அதை நீக்கச் சொல்லப் போவதில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. நம் வகுப்பில் இருக்கும் ஏறத்தாழ எல்லோரும் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். கேட்க வாய்ப்பில்லாதவர்களுக்காக நாமே நினைவில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

இப்போதெல்லாம் நகலெடுக்கும் முன் தாய்க் கணினியை மாணவர் இருவரிடம் ஒப்படைக்கிறேன். என் பெயரோ, யாருடைய பெயரோ எங்காவது இருக்கிறதா என்று தேடுவது அவர்கள் வேலை. பனியன் கம்பெனியில் செக்கிங் முடியாமல் சரக்கு பெட்டிக்குள் போகாது. எங்கள் ஆய்வகத்திலும் அந்த இருவர் சரி என்று சொன்ன பிறகே படிமம் நகலாகிறது. சென்ற முறை, நான் நீக்க மறந்த ஒரு வைஃபை கடவுச்சொல்லை அவர்கள் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.